வெதுவெதுப்பான மழை

துபாயின் அல் கூஸில் அந்த ஜூலை மாதம் காலை ஒன்பது மணிக்கே இரும்புக் கதவின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் டயர் கிடங்கு, இன்னொரு பக்கம் மார்பிள் அறுக்கும் பட்டறை. நடுவில் நின்ற பெரிய தகரக் கொட்டகைக்குள் ஒரு மழைக்காடு இருந்தது. முன்னே அது பழைய ஃப்ரிட்ஜ்கள் அடுக்கிய கோடவுன். இப்போது உள்ளே மூன்று மாடி உயரத்துக்கு மரங்கள், தொங்கும் பெரணிகள், பாசி பிடித்த பாறைகள், ஒரு ஓடை, ஓடைக்கு மேலே வளைந்து வளைந்து போகும் பலகைப் பாதை. மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் மழை. கூரைக்கு அடியில் ஓடிய குழாய்களில் நானூற்றுச் சொச்சம் நாசில்கள். அவற்றிலிருந்து பொடிப்பொடியாகத் தண்ணீர் இறங்கி, பனிமூட்டம் மாதிரி நடப்பவர்களின் முகத்தில் படியும்.

அந்த மழையைப் பெய்ய வைப்பதுதான் சேதுமாதவனின் டியூட்டி. பாளையங்கோட்டைக்காரர், நாற்பத்தாறு வயசு. துபாய்க்கு வந்து பதினாறு வருஷம். கட்டடங்களுக்குள் தண்ணீரும் காற்றும் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வெளியே வரும் என்பதைத் தவிர வேறெதையும் பெரிதாகப் படித்தவரில்லை. கராமாவில் இரண்டாம் மாடி வீட்டில் மனைவி பிரபாவதி, மகன் விஷால், மகள் பிருந்தா.

காட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு உகாண்டாவிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். பட்வா என்னும் காட்டு ஜனம். ஆதியிலிருந்தே மழைக்காட்டில் இருந்தவர்களோடு ஒரு நடை என்று வாசலில் பெரிய பலகை. தினம் ஆறு நடை. தலைவன் பிசிமானா, குள்ளமான, நெஞ்சு அகன்ற மனிதன், நாற்பதைத் தாண்டியவன். அவன் தங்கை மகள் ஜெனரோஸ். மூன்றாவது ஆள் அதிகம் பேசாதவன், முரசு அடிப்பான்.

ஒருநாள் முதல் நடை முடிந்து வந்த பிசிமானா, பம்ப் ரூம் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் சேதுவுக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷும் நாலு இந்தி வார்த்தையும்தான். அதை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

"எஞ்சினியர், உன் மழை சுடுது."

"வெயில் காலம்லா, அப்படித்தான் இருக்கும்."

"உள்ள ஏசி ஓடுது. எனக்குக் கை காலெல்லாம் குளிருது. தலையில விழுற தண்ணி மட்டும் குளிக்க வச்ச தண்ணி மாதிரி இருக்கு. மே மாசம் இப்படி இல்ல."

அவன் போன பிறகு சேது தொட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். முப்பத்து நான்கு டிகிரி. நேற்றும் அதுதான். முந்தின வாரமும் அதுதான்.

விஷயம் இதுதான். மழைத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஜூன் நடுவில் நின்றுவிட்டது. கம்ப்ரஸர் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். தொட்டிக்குக் குளோரின் விடும் சின்ன பம்ப் ஒன்றும் இருந்தது. தண்ணீர் சூடானதும் குளோரின் ஆவியாகிப் போகிறது என்று சேது அளவைக் கூட்டி வைத்தார். ஒரு வாரத்தில் ஆர்க்கிட் இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கருகிவிட்டது. மேனேஜர் ரோஹித் வந்து பார்த்தான். முப்பத்திரண்டு வயசுப் பையன், நல்ல சட்டை, எப்போதும் காதில் ஃபோன்.

"சேது பாய், ஜனங்க இங்க ஃபோட்டோ எடுக்க வர்றாங்க. கருகின இலையை யார் எடுப்பா? அந்த பம்பை நிறுத்துங்க."

"நிறுத்தினா தண்ணி கெட்டுப் போயிரும். சில்லரும் இல்ல. ரெண்டும் இல்லாம மழை விடக் கூடாது. கொஞ்ச நாள் மழையை மட்டும் நிறுத்தி வைப்போம்."

"மழை இல்லாத மழைக்காடா? லீவு சீஸன் இது. சில்லர் வர்ற வரைக்கும்தானே? அச்சா, பாத்துக்கலாம்."

சேது பம்பை நிறுத்தினார். வாரா வாரம் தண்ணீர் ஷீட்டில் குளோரின் அளவு, தொட்டிச் சூடு என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இருக்க வேண்டிய எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் கிடக்கும் தண்ணீரில் ஒரு கிருமி வளரும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பொடித்துளியாக மூச்சில் போனால்தான் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். லெஜியோனெல்லா என்று அதற்குப் பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டல் வேலையில் இருந்தபோது ஒரு முழுநாள் வகுப்பு எடுத்து, சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் வராது, வயசானவர்களுக்கும் உடம்பில் எதிர்ப்பு இல்லாதவர்களுக்கும்தான் கூடுதல் ஆபத்து என்று அந்த வகுப்பில் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார். ஜூன் கடைசியில் தோட்டவேலை பார்த்த நேப்பாளி ஒருவனுக்கு நெஞ்சுச் சளி முற்றி, அவனை ஊருக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சேது மழை நேரத்தில் காட்டுக்குள் போவதில்லை.

சொல்லியிருக்கலாம். முனிசிபாலிட்டிக்கு ஒரு ஃபோன் போதும். ஆனால் பிரபாவதிக்கு நாலு வருஷமாக மூட்டுவாதம். கை விரல் முட்டெல்லாம் வீங்கி, ஒரு சமயம் சோற்றைப் பிசையவே முடியாமல் கிடந்தவள். ஒரு ஊசியும் தினசரி மாத்திரையுமாகத்தான் எழுந்து நடமாடினாள். ஊசி கம்பெனி இன்ஷூரன்ஸில் வந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் ஊசி போகும். இந்த இடத்துக்கு வந்ததும் அவர் யோசனை நின்றுவிடும்.

மத்தியானம் எல்லாரும் கலீலுர் ரஹ்மானின் கஃபெடீரியாவுக்குப் போவார்கள். கொட்டகைக்கு எதிர்ச்சாரியில் ஆறு மேசை. கலீல் காயல்பட்டினத்துக்காரர். பட்வா மூவருக்கும் அவரே தனியாக அவரைக்கொட்டை வேகவைத்து, மக்காச்சோள மாவைக் களி மாதிரி கிண்டிக் கொடுக்கப் பழகியிருந்தார்.

"வாங்கோ சேது, இன்னைக்கு நெத்திலி இருக்கு. உங்க ஆளு பிசிமானா ஒரு தட்டு தின்னுட்டு இன்னொண்ணு கேக்குறாரு."

சேது போய் பிசிமானாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க ஊர்க் காட்டுல மழை எப்படி இருக்கும்?" என்று கேட்டார். வேறு பேச்சு வந்துவிடக் கூடாதென்று கேட்ட கேள்வி.

"குளிரும். எலும்புக்குள்ள போகும்." பிசிமானா களியை உருட்டினான். "எங்களைக் காட்டை விட்டு வெளியே தள்ளும்போது எனக்கு ஒம்பது வயசு. கொரில்லாக் குரங்குகளுக்கு அந்தக் காடு வேணும்னாங்க. அப்புறம் பெரியவனான பிறகு வெள்ளைக்காரங்களுக்குச் சுத்திக் காட்டணும்னு மறுபடி உள்ள விட்டாங்க. காலையில உள்ள போய் தேன் எடுக்கிற மாதிரி, தீ மூட்டுற மாதிரி செஞ்சு காட்டணும். சாயங்காலம் வெளியே வந்துடணும்."

"அப்ப இந்த வேலை உனக்குப் பழகினதுதான்."

"எங்கப்பாவுக்குக் காடு தெரியும். எனக்கு இந்த நடைதான் தெரியும்." சிரித்தான். பக்கத்தில் இருந்த ஜெனரோஸும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வறட்டு இருமல். தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. நடையின் முடிவில் ஓடைப் பாலத்தில் நின்று ஜெனரோஸ் ஒரு பாட்டுப் பாடுவாள். அன்று சாயங்கால நடையில் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கலீல்தான் தன் பிக்கப்பில் அவளை கிளினிக்குக் கூட்டிப் போனார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரையும் ஐந்து நாளைக்கு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து அனுப்பினார்கள்.

கராமா வீட்டில் பிள்ளைகள் லீவில் அடைந்து கிடந்தார்கள். அந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. ஊசி போடும் தேதி நடுவில் விழுந்தது. விஷால் நாள் பூராவும் ஃபோனோடு கட்டிலில் கிடப்பான். பிருந்தாவுக்கு எட்டு வயசு, ஜன்னலைத் திறக்கவும் முடியாமல் பால்கனிக்குப் போகவும் முடியாமல் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

"அப்பா, ஐ வான்ட் டு ஸீ யுவர் ஃபாரஸ்ட்" என்றாள் வெள்ளிக்கிழமை சாப்பாட்டில். பிரபாவதி சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் திரியாமல், முருங்கைக்காயும் கேரட்டும் மிதக்க, இஞ்சித் துவையலோடு. கை வலிக்காத நாட்களில்தான் அவள் சொதி வைப்பாள்.

"ஆமாங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன். ஒரு வருஷமா அங்கன வேல பாக்குதிய, நாங்க எட்டிக்கூடப் பாக்கல. பக்கத்து வீட்டு பானுப்பிரியா ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டா."

"இப்ப வேண்டாம். கூட்டமா இருக்கு."

"கூட்டம் இருந்தா என்ன? ரோஹித் தம்பி பாஸ் அனுப்பி வச்சிருக்கு, நாலு பேருக்கு."

சேது நிமிர்ந்தார். "அவன் எப்ப அனுப்பினான்?"

"போன மாசமே. எல்லா ஸ்டாஃபுக்கும் அனுப்பிருக்காங்க. ஏன், போனா என்ன?"

"ஒண்ணுமில்ல. சில்லர் வேல நடக்கு. அது முடியட்டும். ஆகஸ்ட்ல நானே கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். இதைவிட அதிகமாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று பின்னால் பல தடவை நினைத்தார்.

சனிக்கிழமை ரோஹித் அவரை ஷார்ஜாவில் கம்பெனியின் இன்னொரு சைட்டுக்கு ஒரு பம்ப் பார்க்க அனுப்பினான். வேலை முடிந்து சாயங்காலம் ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது பிருந்தா ஓடி வந்து உள்ளங்கையைக் காட்டினாள்.

"அப்பா, ஸ்மெல். ரியல் ஹனி."

பிரபாவதி சமையலறையிலிருந்து சிரித்தபடி வந்தாள். நனைந்து காய்ந்த முடியைப் பிரித்து விட்டிருந்தாள். "கோவிச்சுக்கிடாதிய. பானுப்பிரியா வேன்ல எடம் இருக்குன்னு சொன்னா. இதுக வீட்டுக்குள்ள கெடந்து என் உசுர வாங்குதுக. ரெண்டு தடவ சுத்துனோம். அந்த மனுஷன், பிசிமானா, நான் உங்க வீட்டுக்காரின்னு சொன்னதும் பிருந்தா கையில தேன் ஊத்தி விட்டாரு. விஷால்கூட ஃபோன உள்ள வச்சுட்டான்னா பாத்துக்கிடுங்க."

சேது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மழை விட்டாங்களா?"

"விட்டாங்களாவா? ரெண்டு தடவ நனஞ்சோம். குத்தால அருவிக்குப் பக்கத்துல நிப்போம்லா, அந்தச் சாரல் மாதிரி. ஆனா குளிரே இல்ல, வெதுவெதுன்னு இருந்துச்சு. என் கைக்கு அவ்வளவு சொகமா இருந்தது. நான் பாலத்துலயே நின்னுட்டேன்."

வீடியோவைக் காட்டினாள். மரப்பாலத்தில் நின்று முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சேது அதை முழுதாகப் பார்த்தார். அந்த மாத்திரையும் ஊசியும் எதற்கென்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். உடம்பின் எதிர்ப்பை அடக்குவதற்கு. எதிர்ப்பு அடங்கினால்தான் மூட்டு வீக்கம் அடங்கும்.

"என்ன, பேசாம நிக்கிய? கோவமா?"

"இல்ல. தல வலிக்கு."

அன்றிலிருந்து நாட்களை எண்ண ஆரம்பித்தார். இரண்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் இருந்தது. ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் ஒன்றுமில்லை. காலையில் அவள் தோசை ஊற்றும்போது பின்னால் போய் நிற்பார். நெற்றியில் கை வைப்பார்.

"என்னத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குதிய?"

"காய்ச்சல் ஏதும் இருக்கான்னு."

"எனக்கு என்ன, நல்லாத்தான இருக்கேன். பதினாறு வருஷத்துல இல்லாத அக்கற இப்ப எங்கேருந்து வந்துச்சு?" சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை பம்ப் ரூமைப் பூட்டிக்கொண்டு, குளோரினைப் பல மடங்கு தொட்டியில் கொட்டினார். நாசில்கள் வழியாக அந்தத் தண்ணீரையே ஒரு மணி நேரம் ஓட விட்டார். முதல் நடையை ஒரு வால்வு பழுது என்று சொல்லி நிறுத்தினார். புதன்கிழமைக்குள் பெரணிகளெல்லாம் தலை சாய்ந்துவிட்டன. ரோஹித் கத்தினான். இனிமேல் வருகிறவர்கள் தப்பித்தார்கள் என்று சேதுவுக்கு ஒரு சின்ன ஆறுதல். ஏற்கெனவே மூச்சில் வாங்கியவர்களுக்கு அது எந்த விதத்திலும் உதவாது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கஃபெடீரியாவில் பிசிமானா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாத்திரை முடிஞ்சுபோச்சு. காய்ச்சல் போகல" என்றான். "நேத்து ராத்திரியிலிருந்து தன் குழந்தையைக் கூப்பிடுறா. குழந்தை மலையில, என் தங்கச்சிகிட்ட இருக்கு. இங்க ரூம்ல இருக்கிறதா நெனச்சு, எழுந்து போய் கதவுக்குப் பின்னால தேடுறா."

கலீல் கிண்டிய களியை மேசையில் வைத்துவிட்டு நின்றார். "நானும் பார்த்தேன் சேது. அது சும்மா காய்ச்சல் மாதிரி தெரியல. ரோஹித் கிட்ட பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னு சொன்னேன். ரெண்டு நாள் பாப்போம்னுட்டான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். உங்களுக்கு ஏதாவது தெரியுதா, இது என்னன்னு?"

பிசிமானாவும் அவரைப் பார்த்தான்.

"எனக்கு என்ன தெரியும் பாய்? நான் டாக்டரா?" என்றார் சேது. எழுந்து கை கழுவப் போனார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமலே கழுவினார்.

வியாழனும் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவருக்கு அன்று லீவு. பிரபாவதி அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏ பிருந்தா, அந்த உப்பு டப்பாவ எடு" என்றாள். உப்பு டப்பா அவள் கையில்தான் இருந்தது. சாம்பாரில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டாள். மறுபடியும் போடப் போனபோது சேது போய்க் கையைப் பிடித்தார். கை கொதித்தது.

"குளிருது" என்றாள். "அம்மா வந்துட்டாளா? கொடி துணியெல்லாம் நனையுமே."

அவள் அம்மா இறந்து ஆறு வருஷம்.

பிள்ளைகளை பானுப்பிரியா வீட்டில் விட்டுவிட்டு டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூச்சு வாங்க வாங்க அவள் தோளில் சாய்ந்திருந்தாள். வெளியே வெயிலில் ரோடு ஈரமாய்க் கிடப்பது போலப் பளபளத்தது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் பாதி நெஞ்சு வெள்ளையாக இருந்தது. டாக்டர் அஃபீஃபா கீழக்கரைப் பெண், தமிழிலேயே பேசினார்.

"நிமோனியா. இவங்க சாப்பிடுற மாத்திரைக்கு இது சீக்கிரம் முத்தும். எந்தக் கிருமின்னு தெரியணும். சளி, ரத்தம் எல்லாம் டெஸ்டுக்குப் போகுது, ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள பொதுவா கொடுக்கிற மருந்தை ஆரம்பிக்கிறேன். நீங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. சமீபத்துல எங்கயாவது பயணம் போனீங்களா? ஹோட்டல், நீச்சல் குளம், அந்த மாதிரி?"

சேது அப்போது நினைத்தது ரோஹித்தை அல்ல, விசாவை அல்ல. தண்ணீர் ஷீட்டில் தன் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதைத்தான் நினைத்தார். ஐந்து வாரத்துக்கு ஐந்து கையெழுத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரபாவதி மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தாள், நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"லெஜியோனெல்லா" என்றார். "அதுக்கு யூரின்ல ஒரு டெஸ்ட் இருக்கு டாக்டர். அத எடுங்க. நீங்க பொதுவா கொடுக்குதது இதுக்குக் கேக்காமப் போயிரும்னு சொல்லிருக்காங்க."

அஃபீஃபா பேனாவை நிறுத்தினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அந்தத் தண்ணியப் பாக்குத ஆளு."

எல்லாவற்றையும் சொன்னார். சில்லர் நின்றது, பம்பை நிறுத்தியது, பொய் எண்களை எழுதியது. நின்றுகொண்டே சொன்னார், பத்து நிமிஷம் ஆகவில்லை. டாக்டர் நடுவில் ஒரு தடவைதான் குறுக்கிட்டார்.

"வேற யாருக்காவது இருக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கா. கம்பெனி லேபர் கேம்ப்ல. ஒம்பது நாளாச்சு."

"ஒம்பது நாளா?" டாக்டர் எழுந்துவிட்டார். "உடனே கொண்டு வரச் சொல்லுங்க. இந்த மருந்தை நான் இப்பவே மாத்துறேன். அப்புறம் நான் மேல சொல்லியாகணும், புரியுதா? இது எங்க கடமை. உங்க பேரும் வரும்."

"வரட்டும்."

கலீலுக்கு ஃபோன் செய்தார். கலீல் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "இதோ எடுத்துட்டேன் வண்டியை" என்றார். அரை மணி நேரத்தில் பிக்கப் வந்தது. பிசிமானா ஜெனரோஸைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சேதுவைத் தாண்டிப் போகும்போது பிசிமானா அவரைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரபாவதிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. யூரின் டெஸ்டில் அதுதான் என்று வந்துவிட்டது. முதல் நாளே சரியான மருந்து போனதால் பிழைத்தாள் என்று அஃபீஃபா சொன்னார். ஜெனரோஸுக்கும் அதே மருந்துதான், அதே ஆஸ்பத்திரி, மேல் மாடி. ஆனால் இரண்டு நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. மிஷினில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்துபோனது. இருபத்து நாலு வயசு.

அதற்குள் அதிகாரிகள் கொட்டகையைப் பூட்டி, வாசல் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். தொட்டியிலும் நாசிலிலும் தண்ணீர் எடுத்துப் போனார்கள். குளோரின் விட்ட தொட்டியில் ஒன்றும் இல்லை. பாலத்துக்கு மேலே, போக வழியில்லாத முட்டுக்குழாயில் தேங்கிய தண்ணீரில் கிருமி இருந்தது. ரோஹித், இலை கருகுது என்று மட்டும்தான் சொன்னேன், பம்பை நிறுத்தச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தான். சேது எழுதிக் கொடுத்ததில் ரோஹித் சொன்னதும் இருந்தது, தான் செய்ததும் இருந்தது. அவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேஸ் முடியும் வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது. வேலை அன்றோடு போனது.

பத்து நாள் கழித்து, ஜெனரோஸின் உடலை விமானத்தில் ஏற்றிய மறுநாள், பிசிமானாவைப் பார்க்க கேம்ப்புக்குப் போனார். மத்தியான வெயில். ஒரு ரூமில் எட்டு கட்டில். பிசிமானா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஃபிளைட். முரசு அடிப்பவன் கீழ்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நடையில் போட்டுக்கொள்ள கம்பெனி கொடுத்த தோலுடை ஆணியில் அப்படியே தொங்கியது.

பிசிமானாதான் முதலில் பேசினான்.

"அந்த நோய்க்கு ஒரு பேர் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. உனக்கு அந்தப் பேர் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா. மழை சுடுதுன்னு நீ சொல்லுததுக்கு முந்தியே தெரியும்."

பிசிமானா ஒரு சட்டையை எடுத்து மடித்தான். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"நான் மழை சுடுதுன்னு மட்டும் சொன்னேன். அவளை அதுல நிக்காதேன்னு சொல்லல. எனக்குத் தெரியாது. மலையில அவ அம்மா கேட்பா. தெரியாதுன்னு நான் சொல்லலாம்." ஜிப்பை இழுத்தான். "நீ போ எஞ்சினியர். எனக்கு இன்னும் வேலை இருக்கு."

சேது மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லாத இடத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது பிரபாவதி ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்தாள். எழுந்து நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஊசியை நிறுத்தியிருந்தார்கள். இனி அது எப்படிக் கிடைக்கும் என்று இரண்டு பேரும் பேசவில்லை. விரல் முட்டுகள் மறுபடியும் சிவக்க ஆரம்பித்திருந்தன. பிள்ளைகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கலீல் பாய் வந்துட்டுப் போனாரு" என்றாள். "கஞ்சி கொண்டாந்தாரு. அந்தப் புள்ளையப் பத்திச் சொன்னாரு. ஒரு கைப்புள்ள வேற இருக்காமே அதுக்கு."

"ம்."

"புதன்கெழம அவரு உங்ககிட்ட கேட்டாராம், இது என்னன்னு தெரியுமான்னு. எனக்கு என்ன தெரியும்னு சொன்னியளாம்."

சேது கதவோரமாகவே நின்றார்.

"அன்னைக்குக் காலையில என் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுதான போனிய" என்றாள். குரல் உயரவில்லை. மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "என் நெத்தியத் தொட்டிய. அவ நெத்தியத் தொடல. சரி, அத விடுங்க. ஒண்ணு மட்டும் கேக்கேன், பொய் சொல்லாம சொல்லுங்க. எனக்கு இந்தக் காய்ச்சல் வரலேன்னா, நீங்க யார்கிட்டயாவது சொல்லிருப்பியளா?"

உள்ளே டிவியில் ஏதோ சிரிப்புச் சத்தம். பிருந்தாவும் கூடச் சிரித்தாள்.

சேது யோசித்தார். சொல்லியிருப்பேன் என்று சொல்லலாம், அவள் நம்பக்கூடச் செய்வாள்.

"சொல்லிருக்க மாட்டேன்" என்றார்.

பிரபாவதி தலையை ஆட்டினாள். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தவள் மாதிரி இருந்தது.

"அப்ப எனக்கு வந்ததும் நல்லதுக்குத்தான்" என்றாள்.

சோபாவின் கையைப் பிடித்து எழுந்தாள். அவர் பிடிக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் இருந்த ரூமுக்குள் போனாள். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வது கேட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.